வேலைக்காரி கழுத்தில் தங்கம்

யோசெப்பினுக்குப் பொறாமை வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பக்கத்து பல்கனியில் தக்காளி முதலில் பழுத்தால் போதும். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது பங்குச் சுவாமி வேறொருத்தியின் வேத வாசிப்பைப் புகழ்ந்துவிட்டால் போதும். அன்றைக்கு மத்தியானச் சோறு தொண்டையால் இறங்காது. மொன்றியல் நகரத்து லாசாலில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும். "எனக்கு எரிஞ்சா எரியுது எண்டு சொல்லிப்போடுவன். உங்களைப் போல சிரிச்சுக்கொண்டு எரியமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அந்த வெளிப்படைக்காகவே பலருக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காதவர்களும் அவள் கொண்டுவரும் மீன் கட்லட்டை விடமாட்டார்கள்.

மன்னாரில் பிறந்து, சண்டைக்குள் கலியாணம் கட்டி, முன்னமே கனடாவுக்கு வந்துவிட்ட கணவன் அருமைநாதன் கூப்பிட்ட பிறகு மொன்றியலுக்கு வந்தவள். அவர் அந்தக் காலத்தில் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவினார். பிறகு லாசாலிலேயே பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து நிலைத்துவிட்டார். யோசெப்பின், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பகலில் விட்டுச்செல்லும் கார்டெறி ஒன்றின் குசினியில் சமைக்கிறாள். அவளுடைய பிரெஞ்சு முழுக்க முழுக்க அந்தப் பிள்ளைகளிடம் படித்தது. 'இன்னும் வேணும்', 'முடிஞ்சுது', 'அவன் என்னை அடிச்சுப்போட்டான்' ஆகியவற்றை அவள் அப்பழுக்கில்லாமல் சொல்வாள். அதற்கு மேலே போனால் தடுமாற்றம்தான்.

வீடு வாங்கவில்லை, வாடகை அப்பாட்மென்ட். கார் பழையது. மகள் மெலனி படிப்பில் நடுத்தரம். பிறகு எதைக் கொண்டு தலை நிமிர்த்தி நடக்கிறாள் என்றால், தாலிக்கொடியைக் கொண்டுதான். தடித்த முறுக்குத் தங்கக் கொடி. அதில் சிறகு விரித்த புறாத் தாலி. அப்படி ஒரு கொடி அந்தப் பங்கில் வேறு எவளுக்கும் இல்லை. மாசி மாதக் குளிரிலும் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் கோயிலுக்குள் நடப்பாள். மற்றவர்களைப் பார்த்து அவள் எரிந்த எரிச்சலுக்கெல்லாம் அந்த ஒரு இடத்தில் மற்றவர்கள் அவளைப் பார்த்து எரிந்தார்கள். கணக்குச் சரி.

2006ஆம் ஆண்டுக் கோடையில் அந்தக் கணக்கைக் குழப்பியவர் மதாம் திபோடோ.

பங்குக் கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னூறு வருஷத்துக்கு முந்திய மொன்றியலை நடித்துக் காட்டுவதென்று ஊர்ப் பழங்காலச் சங்கம் ஒன்று முடிவெடுத்தது. பிரான்சிலிருந்து கப்பல் வருகிறது, வியாபாரி இறங்குகிறான், காத்திருந்த மனைவிக்கு முத்துமாலை போட்டுவிடுகிறான், சந்தை கூடுகிறது, ஆட்டம் பாட்டம். பங்கில் இருக்கிற எல்லாச் சனமும் சேரவேண்டும் என்று சுவாமி பூசையிலேயே அறிவித்துவிட்டார். உடுப்புக்குப் பொறுப்பானவர்தான் மதாம் திபோடோ. ஓய்வுபெற்ற ஆசிரியை. மெலிந்த உடம்பு, மெலியாத குரல்.

கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் ஆள் தெரிவு நடந்தது. அருமைநாதனைக் கண்டதும் மதாமின் முகம் மலர்ந்தது. ஆறடி உயரம், முறுக்கு மீசை, மன்னாரில் நாட்டுக்கூத்தில் ராசா வேஷம் கட்டிய நடை. "இவர்தான் வியாபாரி" என்றார் மதாம். யோசெப்பினுக்கு உச்சி குளிர்ந்தது. வியாபாரி மனைவி யார் என்று கேட்கவும் வேண்டுமா? பட்டுச் சட்டை இருந்த மேசையை நோக்கி அவள் தானாகவே நடந்தாள்.

அந்தப் பட்டுச் சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வான நீலம், கையில் மூன்று அடுக்கு லேஸ். திரைக்குப் பின்னால் மதாம் அதை அவளுக்கு மாட்டி முதுகுக் கொளுவிகளைப் பூட்டப் பார்த்தார். ஒன்று பூட்டியது. இரண்டாவதற்கு யோசெப்பின் மூச்சை உள்ளே இழுத்தாள். மூன்றாவதற்கு விட்ட மூச்சே திரும்ப வரவில்லை. வெளியே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மதாம் சட்டையைக் கழற்றி, திரையை விலக்கி, சஜிதாவைக் கூப்பிட்டார்.

சஜிதா நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக்கில் தனியாக இருந்தாலும் பூசைக்கு லாசாலுக்கு வருகிறவள். பல் வைத்தியர் ஒருவரின் முன்மேசையில் வேலை. பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. கலியாணம் கட்டிக் கனடாவுக்கு எடுத்தவன் ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட்டு ரொறொன்றோவுக்குப் போய்விட்டான். அவன் வீட்டார் வந்து கொடியையும் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் சனம் ஒரு பெண்ணைக் கண்டால் முகத்துக்கு முன்னம் கழுத்தைத்தான் பார்க்கும். சஜிதாவின் கழுத்தில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீலச் சட்டை அவளுக்கென்றே தைத்ததைப் போல வந்து உட்கார்ந்தது. கொளுவிகள் எல்லாம் தானே பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யோசெப்பினுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவளுக்குக் கிடைத்தது அந்தச் சீமாட்டியின் வேலைக்காரி வேஷம். சாக்குத் துணி போல ஒரு பாவாடை, வெள்ளைத் தொப்பி, மரச் சப்பாத்து, தோளைச் சுற்றிக் குறுக்கே கட்ட ஒரு கழுத்துத் துணி. கையில் மீன் கூடை.

அது போதாதென்று மதாம் நகைச் சட்டத்தை அறிவித்தார். சஜிதா அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னாள். துரையின் மனைவி என்ன போடலாம், வியாபாரி மனைவி அதைவிட எவ்வளவு குறைத்துப் போடவேண்டும், வயல் செய்கிற கமக்காரன் மனைவிக்கு என்ன என்றெல்லாம் அந்தக் காலத்தில் முறை இருந்ததாம். அவரவர் தரத்துக்கு மிஞ்சிப் போட்டால் ஊர் சிரிக்குமாம். வேலைக்காரிக்குக் கறுப்பு நாடாவில் ஒரு தகரச் சிலுவை. விரலில் இருந்தால் ஒரு மோதிரம். வேறொன்றும் கூடாது.

"கொடியைக் கழட்ட ஏலாது எண்டு சொல்லு" என்றாள் யோசெப்பின்.

சஜிதா சொன்னாள். மதாம் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் கொடியைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். சஜிதா தயங்கினாள்.

"சொல்லன். என்னத்தை விழுங்குறாய்?"

"வேலைக்காரியின்ர கழுத்தில இவ்வளவு தங்கம் கிடந்தா, அந்தக் காலத்தில எசமானியிட்டைக் களவெடுத்தது எண்டு பிடிச்சிருப்பினமாம், அக்கா."

எசமானி யார்? நீலச் சட்டை போட்ட இவள். யோசெப்பின் கொடியைச் சட்டைக்குள் தள்ளி, கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள். மதாமும் அதோடு விட்டுவிட்டார். வெளியே தெரியாதவரை அவருக்குச் சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒத்திகை. ஒவ்வொரு சனிக்கிழமையும் யோசெப்பின் மீன் கூடையோடு பின்னால் நடந்தாள். முன்னால் அவளுடைய புருஷன் சஜிதாவின் கையைத் தன் முழங்கையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் நடந்த நடையைப் பார்க்கவேண்டும். பாண் தொழிற்சாலையிலிருந்து வந்து சோபாவில் சரிகிற மனிதனா இது என்று இருக்கும். நெஞ்சு ஒரு அடி முன்னால் போனது.

"அவளின்ர கையைப் பிடிச்சு நடக்கேக்க என்னத்துக்கு அவ்வளவு சிரிப்பு?" என்று வீட்டில் கேட்டாள்.

"மதாம் சிரிக்கச் சொல்லுறா."

"மதாம் என்னோடையும் சிரிக்கச் சொன்னவவோ?"

"நீ வேலைக்காரியெல்லே. உன்னைப் பாத்து வியாபாரி என்னத்துக்குச் சிரிக்கிறது?"

அன்றைக்கு அவருக்கு முட்டைப் பொரியல் கிடையாது. வெறும் பருப்புத்தான். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் ஏறியது. ஒத்திகையில் அவர் கண் எங்கே போகிறதென்று கூடைக்கு மேலால் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஒருமுறை, சஜிதாவின் கழுத்தடியில் மாலையைப் பூட்டும்போது அவர் விரல் பட்டது. அதை நினைத்து நினைத்து ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை.

ஆவணி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆற்றங்கரை முழுக்கச் சனம். லாசால் தமிழ்க் குடும்பங்கள் மடக்குக் கதிரைகளோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டன. அவ்வளவு பேருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: யோசெப்பின் இன்றைக்கு எப்படி எரியப் போகிறாள்?

வெயில் கொளுத்தியது. வியர்வையில் யோசெப்பினின் கழுத்துத் துணி நழுவிக்கொண்டேயிருந்தது. புறப்படும் நேரத்தில் மதாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவரின் மணிக்கூடு, ஒரு பொடியனின் காதுத் தோடு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. யோசெப்பினிடம் வந்ததும் நின்றார். கொடி துணிக்கு மேலே கிடந்து பளபளத்தது.

அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மதாம் டின்னை நீட்டிக்கொண்டே நின்றார். மேளக்காரர் தொடங்கிவிட்டார்கள்.

"கழட்டிக் குடுமன் யோசெப்பின்" என்றார் அருமைநாதன், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "ஒரு மணித்தியாலத்துக்குத்தானே. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

மெலனி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னதற்கே அவள் சண்டை பிடித்தவள். இப்போது, வியாபாரி உடுப்பில் நின்ற புருஷன் சொன்னதற்காகக் கழற்றினாள். தானே கொடிப் பூட்டின் சுரையைத் திருகி எடுத்து, தானே டின்னுக்குள் வைத்தாள். கழுத்து லேசாகிப்போய் என்னவோ செய்தது.

காலையில் நூல் அறுந்து முத்துமாலை மண்டபம் முழுக்க உருண்டுபோன சங்கதி மதாமுக்கு மட்டும்தான் தெரியும். கப்பலிலிருந்து வரும் வியாபாரியின் பெட்டிக்குள் எதை வைப்பதென்று அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். டின்னுக்குள் பார்த்தால், தடித்த பொற்சங்கிலி. அதில் ஒரு புறா. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பெண்களும் பரிசுத்த ஆவிப் புறாவைக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். மதாம் அதைப் படித்தவர். வியாபாரி மனைவியின் தரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எது அமையும்? துரை மனைவிக்கு மிஞ்சவும் இல்லை, கமக்காரிக்கு இறங்கவும் இல்லை. அவர் யாரையும் கேட்கவில்லை. கொடியை எடுத்து வியாபாரியின் மரப்பெட்டிக்குள் வைத்து மூடி, அருமைநாதனிடம் நீட்டினார்.

கப்பல் என்ற பெயரில் ஒரு படகு வந்து தட்டியது. அருமைநாதன் இறங்கினார். சஜிதா நீலச் சட்டையில் காத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் யோசெப்பின், மீன் கூடையோடு.

நாட்டுக்கூத்துக்காரர் கையைப் பார்த்து நடிக்கமாட்டார். கடைசி வரிசையைப் பார்த்துத்தான் நடிப்பார். அருமைநாதன் பெட்டியைத் திறந்தார், கையை விட்டார், எடுத்ததைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

முன்வரிசையிலிருந்து ஒரே குரலாக "ஐயோ!" என்று எழுந்தது.

தன் நடிப்புக்குத்தான் அந்தச் சத்தம் என்று நினைத்த அருமைநாதனுக்கு இன்னும் உற்சாகம் வந்தது. கொடியை வலமும் இடமும் காட்டினார். பிறகு, ஒத்திகையில் பழகியபடியே, அதைச் சஜிதாவின் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

யோசெப்பினுக்கு அது புரிய ஒரு கணம் எடுத்தது. கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே, சுவாமி பார்த்துக்கொண்டிருக்க, பங்கே பார்த்துக்கொண்டிருக்க, அவள் புருஷன் அவளுடைய தாலியை இன்னொருத்திக்குக் கட்டப் போகிறார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மரச் சப்பாத்தில் ஒன்று கழன்று பின்னால் கிடந்தது.

அவள் போய்ச் சேர முன்னமே சஜிதா கண்டுவிட்டாள். கண்ணுக்கு முன்னால் புறா ஆடியதும் அவள் கை பாய்ந்து கொடியைப் பிடித்தது. தலையைக் குனிந்து ஒரு பக்கமாக விலகினாள்.

"அண்ணை! இது அக்கான்ர!"

அருமைநாதன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. தமிழ்ச் சனம் கதிரைகளை விட்டு எழும்பிவிட்டது. மற்றச் சனம், இதுவும் நாடகத்தில் வருவதுதான் என்று காத்திருந்தது. முன்னால் வந்து நின்ற யோசெப்பினுக்கு ஒரு காலில் சப்பாத்து இல்லை, கண்ணில் தண்ணீர். சஜிதா சனத்தின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் கணீரென்று ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு அருமைநாதனின் கையை யோசெப்பினின் கழுத்துப் பக்கம் தள்ளினாள்.

புல்வெளியே கைதட்டியது.

அவர் கொடியைப் போட்டுவிட்டார். ஆனால் சுரையைப் பூட்டத் தெரியவில்லை. கலியாணத்தன்று அதைத் திருகியது அவருடைய தங்கச்சி. இப்போது சஜிதாதான் பின்னால் வந்து நின்று திருகினாள். அவளுடைய குளிர்ந்த விரல்கள் பிடரியில் பட்டன. மதாம் மட்டும் ஓரத்தில் நின்று, வேலைக்காரிக்குத் தங்கமா என்று கையை விரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது காரின் பின்சீற்றிலிருந்து மெலனி கேட்டாள்: "அம்மா, சஜிதா அன்ரி என்ன சொன்னவ எண்டு விளங்கினதோ?"

"இல்லை."

"'எனக்கு இது வேண்டாம். என்ர வேலைக்காரி இவ்வளவு வருஷமும் நல்லா வேலை செய்தவள், இதை அவளுக்குப் போடுங்கோ' எண்டு. அதுதான் எல்லாரும் கைதட்டினவை. சுப்பர் ஐடியா, என்ன?"

யோசெப்பினின் காதால் புகை வந்தது. சொந்தத் தாலியை, சொந்தப் புருஷன் கையால், சஜிதா இட்ட பிச்சையாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆனால், ஆச்சரியம், அந்த நெருப்பு வழக்கம்போல எரியவில்லை. அதற்குக் கீழே வேறொன்று எரிந்தது. சிவப்பு விளக்கில் கார் நின்றபோதுதான் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ. கையில எடுத்தனீங்கள். தூக்கிப் பிடிச்சனீங்கள். எல்லாருக்கும் ஆட்டிக் காட்டினனீங்கள். அது என்ர கொடி எண்டு தெரியேல்லையோ?"

"வெயில் கண்ணுக்கை அடிச்சது, யோசெப்பின்."

"வெயில் அவளுக்கும்தான் அடிச்சது. அவள் கண்ட உடனை கண்டுபிடிச்சாளே."

அருமைநாதன் பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தபோதும் கொஞ்ச நேரம் காரை எடுக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவர் பாத்திரம் கழுவினார், குப்பை கொண்டுபோய்ப் போட்டார், கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். யோசெப்பின் எதற்கும் மசியவில்லை, நினைத்ததையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடை முழுக்கப் புருஷனின் கண்ணைக் காவல் காத்தாளே, அந்தக் கண் சஜிதாவையும் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோட்டைத் திறந்துவிட்டு அவள் காட்டிக்கொண்டு நடந்ததை, முறுக்கு முறுக்காகப் பார்த்து மனத்தில் வைத்திருந்தது ஒரே ஒருத்திதான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோது சஜிதா யோசெப்பினுக்கு நேர் முன்வாங்கில் இருந்தாள். தனியாக. பின்னால் முடியைத் தூக்கிக் கட்டியிருந்ததால் வெறும் கழுத்து தெரிந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்து எத்தனை ஞாயிறு நிம்மதிப்பட்டிருக்கிறோம் என்று யோசெப்பினுக்கு நினைவு வந்தது, முகம் சுட்டது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் சுவாமி. சஜிதா திரும்பிக் கையை நீட்டினாள்.

"சமாதானம், அக்கா."

சொல்லும்போது அவள் கண் ஒரு கணம் கீழே இறங்கிக் கொடியில் நின்று, மேலே வந்தது. யோசெப்பின் இன்னொருவரின் கண்ணில் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். பொறாமை அவளுடைய சொந்தச் சரக்கு. அவளை அறியாமலே மற்றக் கை எழுந்து, கொடியை எடுத்துச் சட்டைக்குள் விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவரும் கேட்காமல்.

சஜிதா கையை விடவில்லை. சிரித்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை.

"வெளியில விடுங்கோ அக்கா" என்றாள் மெல்ல. "நான் பாத்துத் தேயாது."